செத்த பயிருக்குக் காவல்

நவம்பர் 28, வியாழன்

வயலில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் பயிரின் தலை தெரியாமல் நின்ற தண்ணீர் நேற்று மாலை வடிய ஆரம்பித்தது. இன்று காலை நான் போனபோது சேறு தெரிந்தது. நெற்பயிர் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது, ஈரத் தலையை வாரிவிட்ட மாதிரி. பச்சை என்பதே இல்லை. காலை வைத்தால் குமிழி வந்து நாறுகிறது.

அப்பா வரப்பில் குந்தி பீடி குடித்தார். இரண்டாவது பீடி முடிந்த பிறகுதான் பேசினார்.

"எதையும் தொடாத பாப்பா. அழுவுன பயிரு அழுவுனபடியே கெடக்கணும். அதிகாரிங்க வந்து கண்ணால பார்த்தாத்தான் நிவாரணம் எழுதுவாங்க. ஆடு மாடு எறங்கி மேஞ்சிட்டா, இங்க பயிரே வைக்கலைன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க."

அதனால் நாளையிலிருந்து எனக்கு வயல் காவல். அப்பா டவுனில் கட்டட வேலைக்குப் போகிறார். காலையில் போனால் பொழுது சாயும்போது வருவார்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்றும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பட்டா உங்கம்மா பேர்ல இருக்கு. போட்டா எடுக்கறப்ப பட்டாக்காரங்கதான் வயல்ல நிக்கணுமாம். அவ வந்தாவணும்."

மாடு காதை ஆட்டியது. நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

நவம்பர் 29, வெள்ளி

ஆடு வரவில்லை. மழையும் வரவில்லை. புண்ணாக்கு தீர்ந்துவிட்டது.

நவம்பர் 30, சனி

வரப்பில் ஒரு பனை இருக்கிறது. அதன் அடியில் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்கிறேன். கையில் ஒரு குச்சி. பக்கத்து வயல்களிலும் இப்படித்தான் ஒவ்வொருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லோருக்கும் முன்னால் பழுப்பு.

எதிர் வீட்டு ரெஜினா அக்கா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் எழுந்து குச்சியைக் காட்டினேன். ஒரு ஆடு வயலுக்குள் முகத்தை நீட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"பாருடி, ஆடே வேணாம்னு போவுது. நீ என்னத்தைக் காக்குற?" என்றாள். "பொணத்துக்குக் காவல் இருந்தாலும் ஒரு காப்பித் தண்ணி குடுப்பாங்க. உனக்கு அதுவும் இல்லை."

அவள் ஏதாவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் வாயில் பதில் வராது. அவளே சிரித்துவிட்டு அவளே போய்விட்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

அம்மா பேசினாள்.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். போன வருடம் ஆவணியில் போனாள். அங்கே சம்பளம் நல்ல சம்பளம், அதனால் போனாள். ஞாயிற்றுக்கிழமை ரெஜினா அக்கா போனுக்குப் பேசுவாள். அப்பா போனுக்குப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் சிக்னல் சரியாக இருக்காது.

"தலைக்கு எண்ணெய் வச்சியாடி?"

"ம்."

"சாப்பிட்டியா? என்ன கொழம்பு?"

"ரசம்."

"வயலு எப்படி இருக்கு?"

"செத்துப்போச்சு."

இந்த ஐந்து மா வயல், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், அம்மாவுடைய அப்பா கொடுத்தது. அவருக்கு அம்மா ஒரே பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவே நாற்று முடி சுமந்து நட்ட வயல்.

"போட்டாவுக்கு நான் வரணும்னு ரெஜினாக்கா சொல்லிச்சு. தேதி தெரிஞ்சா சொல்லு. ஒரு நாள் லீவு கேட்டு வர்றேன்."

நான் "ம்" என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம். பேச்சு எனக்குத் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். பள்ளியிலும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் தமிழ் டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகம் ஆடும். படிப்பை நிறுத்தியதில் எனக்கு அந்த ஒரு நிம்மதி உண்டு. அம்மா போன பிறகு சமைக்கவும் மாட்டைப் பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது, நின்றுவிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

மாலை முழுவதும் வீட்டை ஒட்டடை அடித்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பள்ளிப் பெண்கள் சைக்கிளில் ஆற்றங்கரை மேல் போனார்கள். என்னோடு படித்த சங்கமித்ராவும் அதில் இருந்தாள். "ஏய் நர்மதா, அங்க என்னாடி பண்ற?" என்று கத்தினாள். நான் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தேன். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் தேடினேன்.

டிசம்பர் 4, புதன்

மேட்டுப் பக்கத்தில் ஒரு நெற்குத்தில் பச்சை தெரிந்தது. முதலில் பாசி என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தேன். அழுகிய தாளுக்கு நடுவிலிருந்து ஊசி போல ஒரு இலை வந்திருந்தது. பக்கத்துக் குத்திலும் இருந்தது. அதற்குப் பக்கத்திலும்.

ஒன்றைப் பிடுங்கினேன். வேர் வெள்ளையாக இருந்தது.

திரும்பச் சேற்றில் அழுத்தி வைத்துவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

அப்பாவே பார்த்துவிட்டார். வேலை இல்லை என்று இன்று வீட்டில் இருந்தார். காலையில் வயலுக்குப் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். கால் முழங்கால் வரை சேறு. முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது.

மதியம் தலையாரி முருகையன் சைக்கிளில் வந்தார். அவர் கிராம நிர்வாக அலுவலருக்கு உதவியாளர். வயல் கணக்கெடுக்கும் நாளை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வர்ற வியாழக்கிழமை நம்ம பக்கம் வர்றாங்க வைரக்கண்ணு. உன் பொண்டாட்டியை வரச்சொல்லிரு. ஆனா ஒண்ணு. மூணுல ஒரு பங்குக்கு மேல செத்திருந்தாத்தான் எழுதுவாங்க. உன் வயலு பச்சை கட்டுறாப்ல தெரியுதே."

"உரம் வைக்காமத்தான் வச்சிருக்கேன்."

"ஊரே வைக்காமத்தான் ஒக்காந்திருக்கு. யூரியா மூட்டையைப் பிரிக்காம வூட்டுல வச்சிட்டு, பயிரு பொழச்சிரக்கூடாதுன்னு சாமி கும்புடுறானுவ. எம் சர்வீஸ்ல இப்படி ஒரு வேண்டுதலை நான் பார்த்ததில்லைய்யா."

அப்பா சிரிக்கவில்லை. "எழுதலைன்னா போட்டா எடுக்க மாட்டாங்களா?"

"எழுதாத வயலுக்கு எதுக்குப் போட்டா? அதுக்கு அந்தப் பொண்ணு திருப்பூர்லேருந்து வரணுமா?"

அவர் போன பிறகு அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். வயலின் கீழ்ப்பக்கத்தில், வரப்பில் மடை இருக்கிறது. அதன் வழியாகத்தான் எங்கள் தண்ணீர் வடிகாலுக்குப் போகும். அங்கே சேர்ந்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்து வரப்பில் போட்டார். உரம் வைக்க மாட்டேன் என்கிறார். தண்ணீர் நிற்கவும் விடமாட்டேன் என்கிறார்.

டிசம்பர் 7, சனி

காலையில் மழை. மதியம் மடைப் பக்கம் போயிருந்தேன். மாட்டுக்குச் சளி பிடித்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மாவிடம் வியாழக்கிழமை என்று சொன்னேன். "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன், புதன் ராத்திரி பஸ் ஏறிருவேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "ஒரு குத்துகூடவா பொழைக்கலை?"

"இல்லம்மா. எல்லாம் செத்துப்போச்சு."

போனை வாங்கிக்கொண்ட ரெஜினா அக்கா என்னையே பார்த்தாள். "நான் நேத்து அந்தப் பக்கந்தான் ஆடு ஓட்டிட்டு வந்தேன். மேட்டுல பச்சை தெரியுதே. ஏண்டி பொய் சொல்ற?"

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

"பெத்தவகிட்ட ரெண்டு வார்த்தை நிஜம் பேச உனக்கு வாய் இல்லை. அப்பன் போன்ல பேசு, நல்லாப் பேசுன்னாலும் பேசமாட்ட."

"வீட்ல சிக்னல் இல்லைக்கா."

"சிக்னலாம் சிக்னல். உங்கப்பன் போன்ல அஞ்சு கோடும் நிமிர்ந்து நிக்குது. அன்னிக்கு நடுரோட்டுல அத்தனை பேரு பார்க்க அவ கன்னத்துல கை நீட்டுனான் பாரு, அப்ப போன சிக்னலுடி அது."

ரெஜினா அக்காவுக்கு வாய் அதிகம். அம்மா சம்பளத்துக்காகத்தான் போனாள். அந்த நாள் எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது.

டிசம்பர் 9, திங்கள்

மடையில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. கீழ்ப்பக்கம் இரண்டு மாவிலும் முழங்கால் தண்ணீர். அப்பா மாலையில் எடுத்துப் போட்டார். "எங்கேருந்துதான் வருதோ" என்றார்.

கை அரிக்கிறது.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்றும் அடைத்திருந்தது. இன்றும் அப்பா எடுத்துப் போட்டார். சாப்பிடும்போது, "கை என்னா செவந்து கெடக்கு?" என்று கேட்டார்.

"துணி துவைச்சேன்."

"தேங்காண்ணை தடவு."

டிசம்பர் 11, புதன்

தலையாரி வந்தார். கணக்கெடுப்புத் தள்ளிப்போய்விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமையாம். ரெஜினா அக்கா போனிலிருந்து அம்மாவுக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். பின்னால் தையல் மிஷின்கள் ஓடின. "செவ்வாய்க்கு மறுபடி லீவு கேட்கணும், ஏசுவாங்க" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

மீன் வாங்கச் சேர்த்து வைத்த காசை எடுத்துப் புண்ணாக்கு வாங்கினேன்.

டிசம்பர் 13, வெள்ளி

ஆகாயத்தாமரை தானாக வரவில்லை.

நான் வடிகாலில் இறங்கி அதை இழுத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, மடையில் திணிக்கிறேன். மேலே கல் வைக்கிறேன். மழைத்தண்ணீர் வெளியே போகாமல் கீழ்ப்பக்கத்துப் பச்சையின் மேல் ஏறி நிற்கிறது. மாலையில் அப்பா எடுத்துவிடுகிறார். மறுநாள் நான் அடைக்கிறேன்.

எழுதிவிட்டேன். எழுதினால் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

கீழ்ப்பக்கம் இரண்டு மாவும் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தேன். வேர் கருப்பு, விரலில் கூழாக ஒட்டியது. மேட்டுப் பக்கம் மூன்று மா நாளுக்கு நாள் பச்சையாகிறது. அங்கே தண்ணீரை ஏற்ற முடியாது.

டிசம்பர் 16, திங்கள்

அப்பா டவுனில் முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு வாங்கி வந்திருந்தார். அதை ஆணியில் மாட்டிவிட்டு, "நாளைக்கு மீனு வாங்கி கொழம்பு வையி" என்றார்.

டிசம்பர் 17, செவ்வாய்

விடிந்ததும் எழுந்து வாசல் தெளித்தேன். கெண்டை மீன் குழம்பு வைத்தேன். அம்மாவுக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டேன். அம்மாவின் பழைய பாயை வெயிலில் போட நினைத்தேன், வெயில் இல்லை.

அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் ஆலமரத்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்து, "வளர்ந்துட்ட" என்றாள். இளைத்திருந்தாள். காலில் புதுச் செருப்பு. கையில் ஒரே ஒரு துணிப்பை, சின்னது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டைத் தாண்டி நேராக ரெஜினா அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கேயே முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டாள்.

"வூட்டுக்குப் போயி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வாயேன் இந்திராணி" என்று ரெஜினா அக்கா சொன்னாள். நான் சொல்ல நினைத்ததை அவள் சொன்னாள்.

"வயலுக்குத்தாங்க்கா வந்தேன்."

"பாருடா, திருப்பூரு பேச்சுல 'தாங்க்கா'ங்குறா. போற போக்குல ஏனுங்க வாங்கன்னு நம்மளை மெரட்டிருவா போலருக்கு."

அம்மா சிரித்தாள். ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

வயலில் அப்பா மேட்டு வரப்பில் நின்றார். அம்மா கீழ் வரப்பில் நின்றாள். நான் நடுவில் பனையடியில் நின்றேன். "வந்துட்டியா" என்றார் அப்பா. அம்மா தலையை மட்டும் அசைத்தாள். அதற்குப் பிறகு அதிகாரிகள் வரும்வரை மூன்று பேரும் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிராம நிர்வாக அலுவலர் குடையோடு வந்தார். வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு மேடம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். முருகையன் பின்னால் வந்தார். மேடம் போனை எடுத்தார்.

"பட்டா யாரு பேரு? நீங்களா? உள்ள எறங்கி நில்லுங்கம்மா. பயிரும் தெரியணும், மொகமும் தெரியணும்."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். சேறு கெண்டைக்கால் வரை வாங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் சிமென்ட் தரையில் நின்ற கால்.

"சிரிக்காதீங்கம்மா. நிவாரணத்துக்குப் போட்டா எடுக்கிறோம்."

"சிரிக்கலைங்க மேடம். சேறு கூசுது."

முருகையன் வாயைப் பொத்திக்கொண்டார். மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். கண் மட்டும் சிரித்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மேடம் வரப்பு வழியாகச் சுற்றி வந்தார். "மேல மூணு மா பொழச்சிருச்சு. கீழ ரெண்டு மா சுத்தமா போச்சு. அஞ்சுல ரெண்டு, மூணுல ஒரு பங்குக்கு மேலதான் வருது. எழுதிக்கலாம் சார்." கிராம நிர்வாக அலுவலர் எழுதிக்கொண்டார். அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். இத்தனை நாள் காத்திருந்தது மாடு ஒரு வாளித் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

அம்மா கரையேறவில்லை. பச்சைக்குள் நடந்து போய் ஒரு குத்தைத் தடவினாள். அப்படியே கீழ்ப்பக்கம் போனாள். மடைக்கு வந்தாள். வரப்பில் அப்பா நாள்தோறும் எடுத்துப் போட்ட ஆகாயத்தாமரைக் கட்டுகள் குவிந்து கிடந்தன. அம்மா ஒரு கட்டை எடுத்துப் புரட்டினாள். கயிற்று முடிச்சைப் பார்த்தாள். விறகுக் கட்டுக்குப் போடும் இரட்டை முடிச்சு. எனக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

கட்டைக் கீழே வைத்தாள். என் கையைப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

சோற்றை வரப்புக்கே கொண்டுபோனேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். "உப்பு கம்மி" என்றாள். ஆனாலும் முழுவதும் சாப்பிட்டாள்.

நாலு மணி பஸ். நிறுத்தத்தில் நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

"ஏண்டி மடையை அடைச்ச?"

"பயிரு பொழச்சிட்டா நீ வரமாட்ட."

"போன்ல வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"வந்திருக்க மாட்டேன்" என்றாள். "இந்த ரோட்டுல எறங்கி நடக்க எனக்கு ஒரு அதிகாரி கூப்பிட வேண்டியிருந்துச்சு."

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். "நீ வந்துரு. இப்பவே ஏறு. துணியெல்லாம் அங்க வாங்கிக்கலாம்."

கண்டக்டர் விசில் ஊதினார். எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "மாட்டுக்குத் தண்ணி காட்டலைம்மா."

பஸ் போய்விட்டது. நடந்து வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

டிசம்பர் 18, புதன்

அப்பா யூரியா மூட்டையைப் பிரித்தார். இரண்டு பேரும் மேட்டு மூன்று மாவுக்கும் தூவினோம். ஊர் முழுக்க எல்லா வயலிலும் தூவினார்கள். மீன் குழம்பு மீந்ததைச் சுடவைத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

அம்மா பேசினாள். எண்ணெய் வைத்தாயா என்று கேட்டாள். மடையைப் பற்றிக் கேட்கவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

மூன்று மாவும் கரும்பச்சை. காற்றடித்தால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நிறம் ஓடுகிறது. அதைப் பார்க்கும்போது எனக்குக் கீழ்ப்பக்கம் கண்ணில் படாத மாதிரி உட்கார வேண்டியிருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

செத்த இரண்டு மாவை அப்பா உழுது உளுந்து தெளித்தார். நானும் ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு தெளித்தேன். பாதி வயல் முடிந்தபோது அப்பா சொன்னார்:

"அந்த முடிச்சு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா பாப்பா?"

என் கை நின்றுவிட்டது.

"இருவது வருசமா உங்கம்மா கட்டுன வெறவை நாந்தானே அவுக்குறேன்."

"அப்ப ஏன்ப்பா ஒண்ணும் சொல்லலை?"

அவர் உளுந்தைக் கைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் வந்தா, மூழ்கிக் கெடக்குற பயிரைப் பார்க்க முடியலை. எடுத்துவிட்டேன். காலையில நீ அடைக்கப் போவன்னு தெரியும். உன்னை நிறுத்தவும் முடியலை." கையிலிருந்ததைத் தெளித்துவிட்டு, "அவ வரட்டும்னுதான் எனக்கும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் அதோடு நிறுத்தியிருப்பார்.

"வந்தா. வயலோட போயிட்டா." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நான் அன்னிக்கு கையை நீட்டுனதை..."

கூடையிலிருந்து இன்னொரு கை உளுந்தை அள்ளினார். நான் காத்திருந்தேன்.

"நெருக்கமா எறியாத. உளுந்துக்கு எடம் வேணும்" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. இரண்டு பேர் சாப்பிட அது அதிகம். ரெஜினா அக்காவுக்கு ஒரு தூக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பதிலுக்கு கேக் கொடுத்தாள், கிறிஸ்துமஸுக்குச் செய்தது. கல் மாதிரி இருந்தது. "மாட்டுக்குப் போட்டுறாத, பல்லு போயிரும்" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

அம்மா பேசினாள். நிவாரணம் அவள் கணக்கில் ஏறிவிட்டது.

"உங்கப்பா அதைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்கலை."

"கேட்பாருன்னு நெனச்சேன்." பிறகு குரலை இறக்கினாள். "தனியா ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்டி. இப்ப நாலு பேரோட இருக்குறதுல உன்னைக் கூட்டிட்டு வர முடியாது. இங்க பத்தாவதைத் தனியா எழுதலாமாம். கம்பெனியில ஒரு பொண்ணு எழுதப் போவுது. யாரும் எழுப்பி வாசிக்கச் சொல்ல மாட்டாங்க. வந்துரு."

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். இரண்டு மா பயிரைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்து நான் வாங்கிய அறை அது.

"கதிர் வந்திருச்சும்மா" என்றேன். "பால் பிடிக்குது. குருவி அடையுது. அறுப்பு முடியட்டும், வர்றேன்."

"அறுப்புக்கு நான் வரமாட்டேன். எதிர்பார்க்காத."

"தெரியும்மா. நீ வரவேணாம். இருக்கறதையாவது நான் பார்த்து வீடு சேர்த்துட்டு வர்றேன்."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். சளியாக இருக்கும். அங்கே பனி அதிகமாம்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது ரெஜினா அக்கா, "இவ்ளோ நேரம் யாருடி பேசுனது, நீயா?" என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அறுவடை மிஷின் வந்தது. மூன்று மா. காலையில் இறங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டது. நெல் கொஞ்சம் பதர்தான், வெள்ளத்தில் நின்றது அல்லவா. ஆனாலும் நெல். அப்பா ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு என் கையில் கொட்டினார். வைக்கோலை நாங்களே கட்டிக் கொண்டுவந்து போர் போட்டோம். வீடெல்லாம் வைக்கோல் வாசனை.

பிப்ரவரி 12, புதன்

அப்பாவுக்குச் சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டார். மறுபடி வைத்தார். எதற்கு இதெல்லாம் என்று கேட்கவில்லை. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன். மாட்டைப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் போனேன். கடைசியில் அப்பா முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை போறேம்ப்பா. அம்மாகிட்ட."

அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். "எந்த பஸ்ஸு?"

"காலையில."

"முன்பக்கமா ஜன்னலோரம் ஒக்காரு. பின்னாடி ஒக்காந்தா உனக்கு வாந்தி வரும்."

"சரிப்பா."

"சரி" என்றார் அவரும்.

பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுக்கு வைக்கோல் வைக்கப் போனார். நான் அப்போதுதான் வைத்திருந்தேன். தொட்டி நிறைய இருந்தது. அதன் மேலேயே இன்னொரு கட்டைப் பிரித்துப் போட்டார். அதற்கு மேல் இன்னொன்று.